புயல் வலுவிழந்த பிறகு உங்கள் ஊருக்கு எவ்வளவு மழை: கணிக்கும் முறை

'புயல் வலுவிழந்தது' என்று செய்தி ஓடியதும் பலர் மூட்டை கட்டியதை அவிழ்த்துவிடுகிறார்கள். அந்தச் செய்தி காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 செ.மீ., புதுச்சேரியில் 49 செ.மீ. மழை. அதற்கும் அடுத்த நாள், புயல் வெறும் தாழ்வு மண்டலமாகக் குறைந்து உள்நாட்டுக்குள் நகர்ந்த பிறகு, கடலிலிருந்து 100 கி.மீ.க்கும் அப்பால் இருக்கும் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. கடலோரத்தில் இருந்தவர்களாவது எதிர்பார்த்திருந்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்தவர்களுக்கு அது நடு இரவில் வந்தது.

வானிலை மையம் வைக்கும் பெயர்கள் எல்லாம் காற்றை வைத்துத்தான். மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 முதல் 88 வரை புயல். 31க்குக் கீழே போனால் தாழ்வுப் பகுதி. மழையின் அளவு இந்த ஏணியில் எங்குமே இல்லை. மழைக்கு வேண்டியது கடலிலிருந்து இடைவிடாமல் வரும் ஈரக்காற்றும், அது ஒரே இடத்தில் குவிந்து மேலெழும் நிலையும். இரண்டும் வலுவிழந்த சுழற்சியிலும் இருக்கும்.

ஆகவே அறிக்கையில் முதலில் தேட வேண்டியது நகரும் வேகம். 'கடந்த 6 மணி நேரத்தில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில்' என்று இருந்தால், 12 மணி நேரத்தில் அது 60 கி.மீ. மட்டுமே போகும். இன்று மழை பெய்யும் இடத்தில்தான் நாளையும் பெய்யும். மணிக்கு 15, 20 கி.மீ. என்றால் அரை நாளில் ஒரு மாவட்டத்தைத் தாண்டிவிடும். 'கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிலைகொண்டுள்ளது' என்ற வரிதான் எல்லாவற்றிலும் மோசமான வரி. அடுத்தடுத்த இரண்டு அறிக்கைகளில் அது வந்தால், வண்ண எச்சரிக்கை மஞ்சளாக இருந்தாலும் ஆரஞ்சுக்கு உரிய ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, மையப்புள்ளியிலிருந்து உங்கள் ஊரின் தூரத்தை அளந்து நிம்மதி அடையாதீர்கள். 2020 டிசம்பரில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் கரையோரம் வலுவிழந்து நின்றது. 34 செ.மீ. மழை பெய்தது 200 கி.மீ.க்கும் அப்பால் சிதம்பரத்தில். சுழற்சியின் வடபுறத்தில் கிழக்குக் காற்று கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு நேரே கரையில் மோதும். மையம் உங்களுக்குத் தெற்கே நின்றால், தூரமாக இருந்தாலும் மழைக்கு வாய்ப்பு அதிகம்.

அறிக்கையின் சொற்களை எண்ணாக மாற்றிப் படியுங்கள். மிதமான மழை என்பது 15.6 முதல் 64.4 மி.மீ., கனமழை 64.5 முதல் 115.5, மிக கனமழை 115.6 முதல் 204.4, அதற்கு மேல் அதி கனமழை. 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள், 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால் பங்குக்கு மேல். 'ஓரிரு இடங்களில் அதி கனமழை' என்பதைப் படித்துவிட்டு நம் ஊரில் பெய்யவில்லையே, கணிப்பு தப்பு என்று சொல்வது நியாயமில்லை. அந்த ஓரிரு இடம் எது என்று முந்தின நாளே சொல்ல எந்தக் கணினி மாதிரியாலும் முடியாது. மாதிரிகளின் வரைபடத்தில் சிவப்புத் திட்டு பக்கத்து ஊர் மேல் இருந்தால் அது உங்கள் ஊர் மேல் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். 50, 75 கி.மீ. இடம் மாறுவது சாதாரணம்.

கடைசி ஆறு மணி நேரத்துக்கு ரேடார்தான். சென்னை, காரைக்கால் ரேடார் படங்கள் வானிலைத் துறையின் தளத்தில் கிடைக்கின்றன. ஒற்றைப் படத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. தொடர்ச்சியாக ஓடும் படத்தை ஒரு மணி நேர அளவுக்குப் பாருங்கள். பார்க்க வேண்டியது மழைப்பட்டை எந்தத் திசையில் நீண்டிருக்கிறது, அதிலுள்ள மேகத் திரள்கள் எந்தத் திசையில் நகர்கின்றன என்ற இரண்டையும். பட்டை குறுக்காகக் கடந்தால் அரை மணியில் முடிந்துவிடும். பட்டையின் நீளவாக்கிலேயே திரள்கள் நகர்ந்தால், ரயில் பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஊரின் மேல் போகும். 100 கி.மீ. நீளப் பட்டை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அப்படிப் போனால் ஐந்து மணி நேரம். மணிக்கு 30 மி.மீ. வீதம் பெய்தாலே 15 செ.மீ. ஆகிவிடும். பட்டையின் கடல் பக்க முனையில் புதிது புதிதாகத் திரள் முளைத்துக்கொண்டிருந்தால் கணக்கை இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: ரேடாரிலிருந்து 200 கி.மீ. தள்ளி இருக்கும் ஊருக்கு அலைக்கற்றை தரையிலிருந்து ஏறத்தாழ 4 கி.மீ. உயரத்தில் போகிறது. கீழே பெய்யும் மழை அதில் குறைவாகத்தான் தெரியும். உள்மாவட்டத்தில் இருப்பவர்கள் படத்தில் வெளிர் நிறம் என்று அசந்துவிடக் கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை மூன்று. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வின் மையம் உங்கள் இடப்பக்கம், சற்று முன்னால் இருக்கும். தெருச்சந்தில் காற்று திசை மாறும், மொட்டை மாடியில் நின்று பாருங்கள். மேற்கு நோக்கி நகரும் மையம் உங்களுக்குத் தெற்கே கடந்தால் காற்று வடக்கிலிருந்து, பிறகு கிழக்கிலிருந்து, பிறகு தெற்கிலிருந்து என்று திரும்பும். வடக்கே கடந்தால் வடக்கிலிருந்து, மேற்கிலிருந்து, தெற்கிலிருந்து. காற்று கிழக்கிலிருந்தே மணிக்கணக்கில் வீசினால் ஈரம் வந்துகொண்டே இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது காற்றழுத்தம். பல கைபேசிகளில் அதற்கான உணரி இருக்கிறது. இங்கே எல்லாரும் செய்யும் தவறு, மாலை 4 மணிக்கு அழுத்தம் இறங்குவதைக் கண்டு பதறுவது. நம் பகுதியில் புயலே இல்லாத நாளிலும் காலை 10 மணிக்கு உச்சம், மாலை 4 மணிக்குத் தாழ்வு என்று 3, 4 மில்லிபார் ஏறி இறங்கும். நேற்று இதே நேரத்து அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

மூன்றாவது மழைமானி. 20 செ.மீ. வாய் விட்டமுள்ள புனலை ஒரு கேனில் பொருத்தி, மரமோ சுவரோ அதன் உயரத்தைப் போல இரு மடங்கு தள்ளி இருக்கும்படி திறந்த இடத்தில் வையுங்கள். சேரும் ஒவ்வொரு 314 மி.லி. தண்ணீரும் 10 மி.மீ. மழை. 15 செ.மீ. மழைக்கு ஏறக்குறைய 4.7 லிட்டர் சேரும் என்பதால் கேன் 10 லிட்டராவது இருக்கட்டும்; இரண்டு லிட்டர் பாட்டில் நடு இரவில் நிரம்பி வழிந்தால் அளவு போச்சு. மணிக்கு ஒரு முறை அளந்து எழுதுங்கள். தொடர்ந்து இரண்டு மணி நேரம் 30 மி.மீ.க்கு மேல் வந்தால் தாழ்வான வீட்டில் உள்ளவர்கள் மின்சார மெயினை அணைத்துவிட்டு மேலே போக வேண்டிய நேரம்.

ஆற்றங்கரை ஊர்களுக்கு உள்ளூர் மழைக் கணக்கு போதாது. 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் வெள்ளம் சூழ்ந்ததற்கு மேலே பெய்த மழை காரணம். உங்கள் ஆற்றின் மேல்பகுதி எந்த மாவட்டம் என்று தெரிந்துகொண்டு, அந்த மாவட்டத்தின் எச்சரிக்கையையும் அணையின் வரத்து, வெளியேற்றம் இரண்டையும் பாருங்கள். வரத்து வெளியேற்றத்தைவிட அதிகமாகவே இருந்து அணையும் நிரம்பியிருந்தால், வெளியேற்றம் கூடப்போகிறது. நள்ளிரவு அறிவிப்புக்குக் காத்திராமல் வெளிச்சத்திலேயே கால்நடைகளை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.

முடிந்தது என்று எப்போது சொல்லலாம்? காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கி, அழுத்தம் நேற்றைவிடக் கூடி, ரேடாரில் கடல் பக்கம் வெறுமையாகி, இந்த மூன்றும் ஆறு மணி நேரம் நீடித்தால். மையம் அரபிக்கடல் பக்கம் போன பிறகும் மாலையில் இடியோடு ஒரு மழை வரலாம், ஊறிப்போன மண்சுவரும் மலைச்சரிவும் வெயில் அடித்த பிறகுகூடச் சரியும். திருவண்ணாமலை, சேலம் மலையடிவாரங்களில் இருப்பவர்கள் இன்னும் இரண்டு இரவுகளாவது சரிவை ஒட்டிய அறையில் படுக்க வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070.