பிஸ்கட் திருவிருந்தும் புலிக்குட்டியும்: குழந்தையின் விளையாட்டில் நாம் செய்யும் தவறுகள்

ஞாயிறு மதியம். சாப்பிட்டு முடித்துப் பெரியவர்கள் கண்ணயர்ந்திருக்கிறார்கள். நாலு வயதுப் பெண் அம்மாவின் வெள்ளைத் துப்பட்டாவைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறாள். முக்காலிமேல் ஒரு டம்ளர் தண்ணீர், தட்டில் மேரி பிஸ்கட். சுவரோரம் கரடிப் பொம்மை, கை ஒடிந்த இன்னொரு பொம்மை, ஒரு தலையணை. பிஸ்கட்டைப் பிட்டு ஒவ்வொரு வாயிலும் வைத்து, ஞாயிறுதோறும் ஆராதனையில் கேட்கிற ஐயரின், அதாவது எங்கள் சபைப் போதகரின், அதே இழுவையில் ஏதோ முணுமுணுக்கிறாள். அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து ஆராதனையைத்தான் விளையாடுகிறாள்.

“ஏய், இதெல்லாமா விளையாடுற காரியம்? கர்த்தர் கோவிச்சுக்குவார்” என்று சத்தம் போடுவதுதான் முதல் தவறு. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சபையில் இருபது வருஷமாக ஓய்வுநாள் பள்ளியின் (சண்டே ஸ்கூல்) சின்ன வகுப்பை எடுக்கிறேன். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் அதட்டினேன். அந்தக் குழந்தை அதற்கப்புறம் என் முன்னால் விளையாடவே இல்லை. ஆண்டவர் என்றால் பிடித்துத் திட்டுகிறவர் என்றுதான் அன்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

சந்தைவெளியில் பிள்ளைகள் குழல் ஊதிக் கல்யாண விளையாட்டும், புலம்பிச் சாவு விளையாட்டும் விளையாடுவதை இயேசுவே தம் பேச்சில் எடுத்துச் சொல்கிறார் (மத்தேயு 11:16, 17). நின்று கவனித்தவருக்குத்தான் அது தெரியும். பழைய சபை வரலாற்றில் இன்னொரு கதை உண்டு. எகிப்தின் அலெக்சாந்திரியாக் கடற்கரையில் சிறுவர்கள் சிலர் ஞானஸ்நானம் கொடுத்து விளையாடினார்களாம். அதில் பேராயராக நடித்த பையன் அத்தனாசியு. பார்த்துக்கொண்டிருந்த பேராயர் அலெக்சாந்தர் அவர்களை விரட்டவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தார் என்கிறது அந்தக் கதை. அத்தனாசியு 328இல் அதே ஊருக்குப் பேராயரானார். கதை அப்படியே நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். ஆனாலும், பெரியவர் ஒருவர் பிள்ளைகளிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

ஆனால் இந்தக் கதையைச் சொன்னதுமே அடுத்த தவறுக்குச் சிலர் தயாராகிவிடுவார்கள். “பாருங்க, இவன் ஊழியக்காரன்தான். அன்னைக்கே பொருத்தனை பண்ணிட்டோம்.” ஊழியத்துக்கு விடுவதாக ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டார்களாம். உடனே போனில் வீடியோ, ஸ்டேட்டஸ், வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் “ஐயர் மாதிரி ஜெபம் பண்ணிக் காட்டு” என்று ஒரு மேடை. தனக்குள் மூழ்கி விளையாடிய பிள்ளை, அதன்பிறகு நம் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடிக்கத் தொடங்குகிறது. ஐயராக நடித்தால் கைதட்டு, பஸ் கண்டக்டராக நடித்தால் ஒன்றுமில்லை என்றால், எந்த வேஷம் போட்டால் வீட்டில் பிரியம் கிடைக்கும் என்று அது கணக்குப் போடாதா?

மூன்றாவது, பிள்ளை போடும் மற்ற வேஷங்களைக் கண்டு பயப்படுவது. “நான் புலி” என்று தவழ்ந்து வருகிற பையனிடம், “சீ, நீ தேவனுடைய பிள்ளை, மிருகமில்லை” என்று ஓர் அப்பா திருத்தினார். பையன் குழம்பிப்போய் நின்றான். மூன்று, நாலு வயதிலேயே பாவனைக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியும். புலி பசிக்கிறது என்று சொல்லும், ஆனால் கேட்பது தோசையைத்தான். பொம்மைக்குத் தாலாட்டுப் பாடும் பையனும், தாவீது கல்லெறிந்து வீழ்த்திய ராட்சதன் கோலியாத்தாக நின்று உறுமும் பெண்ணும் அப்படித்தான். யாராவது கோலியாத்தாக நின்றால்தானே தாவீது கல்லெறிய முடியும்?

சாவு விளையாட்டுதான் நம்மை ரொம்பப் பதறவைக்கிறது. தாத்தாவை அடக்கம் செய்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஐந்து வயதுப் பேத்தி ஷூ டப்பாவில் பொம்மையைப் படுக்கவைத்து, அதன் மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா ஓடிவந்து டப்பாவைப் பிடுங்கப்போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். குழந்தை டப்பாவை மூடினாள், பாடினாள். திறந்து பஞ்சை எடுத்தாள். “இப்ப மூச்சு விடலாம் தாத்தா” என்றாள். மறுபடி மூடினாள். நாங்கள் அத்தனை பேரும் ஆறுதல் சொன்னோம். உயிர்த்தெழுதல் என்ற வார்த்தையைத் தன் கைக்கு எட்டும் அளவில் தொட்டுப்பார்த்தது அவள்தான். அந்த நேரத்தில் வசனம் சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அடிவாங்குவது, பயந்து ஒளிவது, அந்தரங்கமாகத் தொடுவது போன்ற விளையாட்டு திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். மெதுவாகக் கேளுங்கள், மருத்துவரிடம் பேசுங்கள். சிறார் உதவி எண் 1098.

சரி, “நீ யார்” என்பதைப் பிள்ளைக்கு எப்போது சொல்வது? வசனப் போட்டியில் பரிசு வாங்கினால் “ஆண்டவருடைய பிள்ளை”, சேட்டை செய்தால் “இயேசப்பாவுக்கு உன்னைப் பிடிக்காது” என்று சொல்லாதீர்கள். இதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு என்பேன். யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்று “இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்” என்ற சத்தம் கேட்டபோது இயேசு ஓர் அற்புதமும் செய்திருக்கவில்லை, ஒரு பிரசங்கமும் பண்ணியிருக்கவில்லை. பிரியம் முதலில் வந்தது, வேலை அப்புறம்.

ஆகவே ராத்திரி படுக்கும்போது நெற்றியில் கைவைத்து, ஞானஸ்நானத்தில் வைத்த முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுங்கள். “உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன்; நீ என்னுடையவன்” என்ற ஏசாயாவின் ஒரு வரி போதும். அன்று பகலில் அவன் புலியாக இருந்தாலும், திருடனாக இருந்தாலும் அதே வரிதான்.

எங்கள் வகுப்பில் ஒருவன் அப்படித்தான், போன வாரம் ஆசீர்வாதம் கூறி முடித்த கையோடு துண்டைச் சுருட்டித் தோளில் போட்டான். “டிக்கெட், டிக்கெட்! பாளையங்கோட்டை போறவங்க ஏறுங்க!” நான் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.