624 குரல்களால் ஒரு சுவர்: டென் சிசி செய்ததை வீட்டிலேயே செய்யும் முறை

டென் சிசி என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் ‘ஐயம் நாட் இன் லவ்’ பாட்டைக் கேட்கும் பலர், பின்னால் மிதப்பது சிந்தசைசர் அல்லது ஒரு பெரிய சர்ச் கொயர் என்றே நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. கெவின் காட்லி, லால் க்ரீம், கிரஹாம் கோல்ட்மன் என்ற மூன்று பேர் ‘ஆ’ என்று பாடிய வெறும் குரல்கள் அவை. குழுவின் நாலாவது ஆள் எரிக் ஸ்டூவர்ட் ரெக்கார்டிங் டெஸ்கில் இருந்தார். இடம், இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் ஊரில் இருந்த ஸ்ட்ராபெரி ஸ்டூடியோ.

ஸ்டூவர்டும் கோல்ட்மனும் எழுதிய இந்தப் பாட்டு முதலில் பிரேசில் நாட்டு போசா நோவா தாளத்தில் இருந்தது. காட்லிக்குப் பிடிக்கவில்லை, கைவிட்டார்கள். ஆனால் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்கள் மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்ததால் திரும்ப எடுத்தார்கள். அப்போது காட்லி சொன்ன யோசனை: வாத்தியங்களை விட்டுவிட்டு முழுக்கக் குரலாலேயே செய்யலாம். 1975 மே மாதம் சிங்கிளாக வெளிவந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் மூன்று வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது.

மூவரும் ஒரு ஸ்வரத்தை 16 முறை பாடினால் 48 குரல். மொத்தம் 13 ஸ்வரம், அதாவது 12 ஸ்வரஸ்தானமும் மேல் ஸட்ஜமும். 48 பெருக்கல் 13, 624 குரல். குரல் வேலைக்கு மட்டும் மூன்று வாரம் ஆயிற்று. இன்று ஒரு லேப்டாப், ஒரு கண்டென்சர் மைக், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் இரண்டு மூன்று நாளில் முடிக்கலாம். குறுக்கு வழி மட்டும் தேடாதீர்கள்.

முதலில் ஃபேனை நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜ் பக்கத்தில் இருந்தால் அதையும். ஒரு முறை பாடிப் பதிவது ஒரு டேக். 16 டேக் சேரும்போது அறை இரைச்சலும் 16 மடங்காகச் சேரும். அதைவிடத் தொல்லை, ஃபேனின் ‘டக் டக்’, லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டுக்குள்) மாட்டிக்கொண்டு தாளம்போலத் திரும்பத் திரும்ப வரும்.

மூன்று பேரும் ஒரே மைக்கைச் சுற்றி இரண்டடி தூரத்தில் நில்லுங்கள். ஹெட்ஃபோனில் அந்தந்த ஸ்வரத்துக்குச் சுருதிப் பெட்டி ஆப்பை ஓடவிடுங்கள். கமகம் வேண்டாம், அசைவு வேண்டாம், வாயைத் திறந்து மிதமான சத்தத்தில் 15 விநாடி நேரான ‘ஆ’. மூவரும் ஒரே நேரத்தில் மூச்சு எடுக்கக் கூடாது. ஒவ்வொரு டேக்கின் உச்சமும் ரெக்கார்டிங் மீட்டரில் மைனஸ் 18 டெசிபல் அளவில் இருக்கட்டும். 16 டேக் சேர்ந்தால் சத்தம் ஏறத்தாழ 12 டெசிபல் கூடும். 13 ஸ்வரத்துக்கு மொத்தம் 208 டேக், பாடும் நேரம் மட்டும் 52 நிமிடம். நாலைந்து ஸ்வரத்துக்கு ஒரு முறை ஓய்வு எடுங்கள். தொண்டை களைத்தால் சுருதி இறங்கும், அது கேட்டுவிடும்.

பலரும் தவறுவது இங்கேதான். ஒரு நல்ல டேக்கை எடுத்து 16 தடவை காப்பி பேஸ்ட் செய்தால் ஒரே குரல் சத்தமாகக் கேட்கும், கூட்டம் கேட்காது. கொஞ்சம் தள்ளி வைத்தால் குழாய்க்குள் பாடுவதுபோல் ஆகும். ஒரே ஸ்வரத்தைப் பாடிவிட்டு மற்ற 12-ஐ பிட்ச் ஷிஃப்ட் செய்தாலும், அதாவது மென்பொருளால் சுருதி மாற்றினாலும், அப்படித்தான்: அரை ஸ்வரம் ஏற்றினால் தெரியாது, நாலு ஸ்வரம் ஏற்றினால் குரல் கார்ட்டூன் குரலாகிவிடும். ஆளுக்கு ஆள், மூச்சுக்கு மூச்சு வரும் சின்னச் சின்ன வித்தியாசம்தான் அந்தப் பட்டுத்துணி ஒலி. தனி ஆளாகச் செய்பவர்கள் மைக் தூரத்தையும் வாய் திறக்கும் அளவையும் டேக்குக்கு டேக் மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது லூப். அவர்கள் ஏறத்தாழ 12 அடி நீள டேப்பை வளையமாக ஒட்டினார்கள். மெஷினில் அடங்காததால் மைக் ஸ்டாண்டில் பொருத்திய உருளை வழியாகச் சுற்றவிட்டார்கள். அவ்வளவு நீளம் எதற்கு? ஒட்டு வரும் இடத்தில் சின்னத் துள்ளல் கேட்கும். வளையம் நீண்டால் அது அரிதாக வரும். விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் 12 அடி என்பது 9.6 விநாடி. நீங்களும் ஒவ்வொரு டேக்கின் முதல் இரண்டு விநாடியையும் கடைசி மூன்றையும் விட்டுவிட்டு நடுவிலிருந்து எடுங்கள். ஸ்வரத்துக்கு ஸ்வரம் நீளத்தை மாற்றுங்கள்: 9.1, 9.3, 9.6 விநாடி என்று. எல்லாம் ஒரே நீளம் என்றால் ஒட்டுகள் எல்லாம் ஒன்றாக வந்து சுவர் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கும். ஒட்டில் 400 மில்லிவிநாடி கிராஸ்ஃபேட் (ஒன்று மங்க மங்க மற்றது ஏறுவது), அதுவும் ‘ஈக்வல் பவர்’ வகை. நேர்கோட்டு ஃபேட் போட்டால் நடுவில் 3 டெசிபல் குழி விழும்.

இப்போது 13 லூப், 13 டிராக், 13 ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டை). மிக்சர் டெஸ்க்கே உங்கள் கீபோர்டு. டென் சிசி நால்வரும் ஆளுக்குச் சில ஃபேடர்களைப் பிடித்துக்கொண்டு பாட்டு ஓட ஓட வாசித்தார்கள். கார்ட் என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள். ஏ மேஜர் கார்டிலிருந்து (ஏ, சி ஷார்ப், இ) ஏ மைனருக்குப் (ஏ, சி, இ) போக வேண்டுமா? ஏ, இ இரண்டும் அப்படியே இருக்கட்டும். சி ஷார்ப்பை இறக்கி சி-யை ஏற்றுங்கள், 300 மில்லிவிநாடிக்குள். ஒரு விரல் கீழே, ஒரு விரல் மேலே, அறையின் வெளிச்சமே மங்கியதுபோல் இருக்கும். இந்தப் பாட்டிலேயே அந்த நகர்வு உண்டு. எட்டு ஃபேடர் கண்ட்ரோலர்தான் இருக்கிறது என்றால் ஆட்டோமேஷனை (ஃபேடர் நகர்வைப் பதிந்துவைப்பதை) இரண்டு சுற்றாக எழுதுங்கள். மவுஸால் கோடு வரையாதீர்கள், கை வாசித்த ஏற்ற இறக்கம் அதில் வராது.

ஃபேடரை ஒருபோதும் முழுதாக மூடாதீர்கள். ஸ்டூவர்ட் ஃபேடர்களின் அடியில் டேப் ஒட்டி, அதற்குக் கீழே இறங்காமல் தடுத்து வைத்தார். அதனால் கார்ட் எதுவானாலும் 13 ஸ்வரமும் அடியில் மெல்ல முனகிக்கொண்டே இருக்கும். பாட்டின் மூடுபனி அதுதான். ஆட்டோமேஷனில் மிகக் குறைந்த அளவை மைனஸ் 30 டெசிபல் பக்கம் வையுங்கள். மைனஸ் 20-க்கு மேல் போனால் சேறாகிவிடும். மைனஸ் 40-க்குக் கீழே போனால் இருப்பதே தெரியாது.

மிக்சில் குரல் சுவரை 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் குறையுங்கள். முன்பாடகர் உட்கார அந்த இடம் வேண்டும். ரிவெர்ப் கொஞ்சம் போதும். மற்ற வாத்தியங்களையும் குறைவாக வையுங்கள். அசலில் ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ, ஒரு ரிதம் கிட்டார், மூக் சிந்தசைசரில் எடுத்த இதயத்துடிப்பு மாதிரியான டிரம், நடுவில் ஒரு பேஸ் சோலோ, கடைசியில் ஒரு பொம்மை மியூசிக் பாக்ஸ், அவ்வளவுதான். நடுவே வரும் கிசுகிசுப்பு, ஸ்டூடியோ அலுவலகத்தில் வேலை பார்த்த கேத்தி ரெட்ஃபெர்னின் குரல். அதுபோல் ஒன்று வேண்டுமென்றால் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து, மூச்சுக்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் போட்டுப் பேசவிடுங்கள். அந்த நேரத்தில் குரல் சுவரை 6 டெசிபல் இறக்குங்கள்.