ஜேஇஇ மெயின் மேத்ஸ்ல மார்க் குறைஞ்சிடுச்சா? புது புக் வாங்குறதுக்கு முன்னாடி இதை பண்ணுங்க

இன்ஜினியரிங் காலேஜ்ல சேர எழுதுற ஜேஇஇ மெயின் எக்ஸாம்ல, போன வருஷம் ஜனவரி செஷன்ல என் தம்பி மேத்ஸ்ல 100க்கு 22 வாங்கிட்டு வந்தான். ஸ்டேட் போர்டு பையன், ஸ்கூல்ல மேத்ஸ்னா எப்பவும் தொண்ணூறுக்கு மேல தான், அதனால வீட்ல எல்லாருக்கும் ஷாக், கோச்சிங் மாத்தலாமா புது புக் வாங்கலாமான்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. நான் அவன் பேப்பரை எடுத்து வச்சு ஒவ்வொரு கேள்வியா அவன் கூட உக்காந்து பாத்தேன், அதுல இருந்து என்னென்ன பண்ணோமோ அதைத்தான் இங்க எழுதுறேன். ஜனவரி, ஏப்ரல்னு ரெண்டு செஷன் நடக்கும், அதுல எது பெட்டரோ அந்த ஸ்கோர் தான் எடுத்துக்குவாங்க, அதனால ஜனவரில சொதப்பினவங்க மனசு விடாதீங்க ப்ளீஸ்.

பேப்பர் எப்படின்னு தெரியாதவங்களுக்கு: மேத்ஸ்ல 25 கேள்வி, 20 ஆப்ஷன் டைப், 5 நம்பர் டைப் (ஆப்ஷன் இருக்காது, பதிலா வர்ற எண்ணை நாமளே அடிக்கணும்). சரின்னா 4, தப்புன்னா 1 கழியும், விட்டுட்டா ஒண்ணும் ஆகாது. முன்னாடி நம்பர் டைப்ல 10 குடுத்து 5 எழுத சொல்வாங்க, 2025ல இருந்து அந்த சாய்ஸ் போயிடுச்சு.

ஸ்டெப் 1: தப்பை மூணு குவியலா பிரிங்க

எக்ஸாம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல உங்க லாகின்ல ரெஸ்பான்ஸ் ஷீட்டும் ஆன்சர் கீயும் வரும், டவுன்லோட் பண்ணிக்கோங்க. இன்னும் எக்ஸாமே எழுதலைன்னா ஒரு பழைய பேப்பரை டைம் வச்சு எழுதுங்க. அப்புறம் தப்பான ஒவ்வொரு கேள்வியையும் புக் பாக்காம திரும்ப போடுங்க. இப்பவும் வரலைன்னா அது "தெரியாது" குவியல், இப்ப வந்துடுச்சுன்னா "தெரியும் ஆனா தப்பு", சும்மா டிக் பண்ணதுன்னா "குருட்டு".

தம்பி 18 கேள்வி போட்டிருந்தான், 8 சரி 10 தப்பு, 32ல 10 போக 22. அந்த 10 தப்புல நிஜமாவே தெரியாதது 3 தான், 5 தெரிஞ்சும் தப்பு விட்டது, 2 குருட்டு. இங்க தான் கணக்கை கவனிங்க, தெரிஞ்ச கேள்வில தப்பு விட்டா 4 மார்க் வராம போறதோட 1 மார்க் கையில இருந்தும் போகுது, ஆக ஒரு தப்புக்கு 5 மார்க். அந்த 5 கேள்விக்கு 25, குருட்டா போட்ட ரெண்டையும் விட்டிருந்தா 2, மொத்தம் 49 வந்திருக்கணும், ஒரு புது சேப்டர் கூட படிக்காமலே! இதை பேப்பர்ல போட்டு காமிச்சப்போ தான் அவன் முகமே தெளிஞ்சுது.

ஸ்டெப் 2: தப்பு நோட்

ஒரு 80 பக்க நோட் போதும். தப்பான கேள்வியோட முழு சொல்யூஷனை அதுல எழுதாதீங்க, எந்த வரில சறுக்குனீங்களோ அந்த வரியை மட்டும் எழுதுங்க. "சில்லி மிஸ்டேக்"னு எழுதுறது வேஸ்ட், என்ன மிஸ்டேக்னு எழுதணும்.

தம்பி நோட்ல இருந்தே ஒண்ணு சொல்றேன். 7ஐ 2026 தடவை பெருக்கி 25ஆல வகுத்தா மீதி என்ன, நம்பர் டைப் கேள்வி. 7 ஸ்கொயர் 49, அதை 50 மைனஸ் 1னு எழுதிட்டா பாதி வேலை முடிஞ்சுது, இப்ப அது 1013 தடவை பெருக்குறதா மாறிடும், பைனாமியல்ல விரிச்சா கடைசி டெர்ம் தவிர எல்லாத்துலயும் 50 இருக்கும், அதெல்லாம் 25ஆல வகுபட்டு போயிடும், மிஞ்சுறது மைனஸ் 1 மட்டும் (1013 ஒற்றைப்படை). இது வரைக்கும் அழகா போட்டுட்டு பதில்ல மைனஸ் 1னு அடிச்சிருக்கான். மீதி எப்படி மைனஸ்ல வரும்? 25ஐ கூட்டினா 24, அதான் பதில். நோட்ல அவன் எழுதினது ஒரே வரி: "மீதி மைனஸ்ல வந்தா வகுக்குற நம்பரை கூட்டு."

இன்னொண்ணு, வேரியன்ஸ் (எண்கள் எவ்வளவு சிதறி இருக்குன்னு சொல்ற அளவு) 9 உள்ள டேட்டால எல்லா எண்ணையும் 2ஆல பெருக்கி 5 கூட்டினா புது வேரியன்ஸ் என்ன? 18ன்னும் 23ன்னும் போடுறவங்க நிறைய பேர். கூட்டுறதால சிதறல் மாறாது, பெருக்குறது ஸ்கொயரா வரும், 4 தடவை 9, 36. இந்த மாதிரி இருபது முப்பது வரி சேந்ததும் பாருங்க, அதே நாலஞ்சு தப்பு தான் திரும்ப திரும்ப வந்திருக்கும்.

நம்ம ஸ்டேட் போர்டு பசங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ப்ளஸ் டூ பரீட்சைல கடைசி வரி தப்பானாலும் ஸ்டெப்புக்கு மார்க் கிடைக்கும், அந்த பழக்கத்துல கடைசி வரியை நாம யாரும் பெருசா கவனிக்கிறதில்ல. இங்க கடைசி வரி மட்டும் தான் மார்க்.

ஸ்டெப் 3: "தெரியாது" குவியலுக்கு சேப்டர் எடுக்குறது

எல்லாத்தையும் முதல்ல இருந்து படிக்க உக்காராதீங்க. அணிகள், வெக்டர், முப்பரிமாண கோடுகள், புள்ளியியல், தொடர்கள், பைனாமியல், இதெல்லாம் கொஞ்ச நாள்ல கைக்கு வரும், இதை முடிச்சிட்டு தொகையிடலுக்கும் கூம்பு வெட்டுக்கும் போங்க. ஒரு சேப்டருக்கு ஃபார்முலா படிச்ச அன்னைக்கே 20 பழைய கேள்வி. பழைய பேப்பர் போடும்போது ஒரு விஷயம், 2024ல சிலபஸை குறைச்சாங்க, கணிதத் தொகுத்தறிதல், தளத்தோட சமன்பாடு, உயரங்களும் தூரங்களும் எல்லாம் போயிடுச்சு, அது வந்தா தாண்டி போயிடுங்க. தளம் நம்ம ப்ளஸ் டூ புக்ல இருக்கு, அது போர்டு எக்ஸாமுக்கு வேணும், குழப்பிக்காதீங்க.

ஸ்டெப் 4: கையால கணக்கு

கால்குலேட்டர் கிடையாது. தினமும் 15 நிமிஷம் பின்னம், வர்க்கமூலம், 30 வரைக்கும் ஸ்கொயர், அவ்வளவு தான். ரஃப் ஷீட்ல கேள்வி நம்பர் போட்டு, மேல இருந்து கீழ வரிசையா எழுதி பழகுங்க, தம்பியோட ரஃப் ஷீட்ல எல்லா மூலைலயும் கணக்கு இருக்கும், அவன் 6 அவனுக்கே 0 மாதிரி தெரியும்.

ஸ்டெப் 5: மூணு சுத்து

மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூணும் சேத்து 75 கேள்விக்கு 180 நிமிஷம், மேத்ஸுக்கு சராசரியை விட கூட வேணும், கெமிஸ்ட்ரியை 45 நிமிஷத்துல முடிச்சா மேத்ஸுக்கு 70 கிடைக்கும். முதல் சுத்துல பாத்ததும் வழி தெரியுறது மட்டும், ரெண்டாவது சுத்துல வழி தெரியும் ஆனா நீளம்னு இருக்குறது, மிச்சம் இருந்தா மூணாவது. ஒரு கேள்வில 4 நிமிஷம் போயிடுச்சுன்னா விட்டுட்டு நகருங்க, மனசு கேக்காது, ஆனாலும் நகருங்க.

நாலு ஆப்ஷன்ல ரெண்டை தள்ள முடிஞ்சா துணிஞ்சு போடலாம், சராசரியா ஒண்ணரை மார்க் லாபம். எதையும் தள்ள முடியலைன்னா சராசரி கால் மார்க் தான், அதுக்காக ரிஸ்க் எடுக்கணுமான்னு நீங்களே பாத்துக்கோங்க. நம்பர் டைப்ல குருட்டு அடி வேண்டவே வேண்டாம்.

மாக் டெஸ்டை பேப்பர்ல எழுதாம கம்ப்யூட்டர்லயே எழுதுங்க, நம்பர் டைப்புக்கு ஸ்க்ரீன்ல வர்ற கீபேடை மவுஸால அழுத்தணும், அது கூட பழகணும். வாரத்துக்கு ரெண்டு டெஸ்ட் போதும், ஆனா டெஸ்ட் எழுதின 3 மணி நேரத்துக்கு குறைஞ்சது 3 மணி நேரம் அந்த பேப்பரை குவியல் பிரிக்க ஒதுக்குங்க.

தம்பி ஏப்ரல்ல 19 கேள்வி போட்டான், ஜனவரியை விட ஒண்ணு தான் கூட. 16 சரி, 3 தப்பு, 61 மார்க்.