பனி கரையும் வரை பாத்தியில் காலை வைக்காதீர்கள்

மார்ச் நடுப்பகுதியில் கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் திடீரென்று ஒரு நாள் நல்ல வெயில் எறிக்கும். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும், வீதியோரப் பனிக்குவியல் கறுத்துச் சுருங்கும், வெப்பநிலை 12 டிகிரிக்கு ஏறும். அன்றைக்கே எங்கள் ஆட்களில் பலர் மண்வெட்டியோடு பின்வளவுக்குப் போய்விடுவார்கள். அன்றைக்குப் போகவேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ரொறன்ரோவில் ஏப்ரலிலும் குளிர் திரும்பி வரும். 2018 இல் சித்திரை வருடப்பிறப்பு வார இறுதியில்தான் உறைமழை பெய்து மரம், கார், படிக்கட்டு எல்லாவற்றையும் ஐஸ் மூடியது. மார்ச் வெயிலை நம்பி விதை போட்டால் விதைதான் நட்டம்.

ஆனால் பனி கரையும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வருடத்தில் யோசித்துச் செய்யவேண்டிய தோட்டவேலை இந்த ஆறு, ஏழு வாரங்களில்தான் கிடக்கிறது.

முதலில் பாத்தியின் மேலுள்ள பனியைப் பற்றி. அதை அள்ளி எறியாதீர்கள். பனிக்குள் காற்று நிறைய அடைபட்டிருப்பதால் அது மண்ணின் சூட்டை வெளியே விடாது. அக்டோபரில் நட்ட உள்ளிப்பூண்டு அதற்குக் கீழே பத்திரமாகக் கிடக்கும். வெறும் மண் பகலில் இளகி இரவில் உறைந்து, மறுபடி இளகினால், நட்ட பல்லை அது மேலே தள்ளிவிடும். உள்ளிப் பாத்தியில் போட்ட வைக்கோலையும் இப்போதைக்குத் தொடவேண்டாம். முளை தலைகாட்டியதும் மெதுவாக விலக்கினால் போதும்.

கார்ப்பாதையில் வழிக்கும் பனி வேறு கதை. அதில் உப்பு இருக்கும். ஸ்காபரோவில் பல இடங்களில் களிமண்தான். உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பையே உடைத்துவிடும். ஆகவே அந்தப் பனியைப் பாத்திப் பக்கம் வீசவே கூடாது. ஏற்கெனவே விழுந்திருந்தால், மண் இளகித் தண்ணீர் வடியத் தொடங்கியபின் நல்ல தண்ணீரை இரண்டு மூன்று தடவை தாராளமாக விட்டுக் கழுவுங்கள். நடுவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை இது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த வேலை. பனி கரையும்போது எந்த இடத்தில் முதலில் மண் தெரிகிறது, எந்த இடத்தில் கடைசிவரை வெள்ளை கிடக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே யன்னலில் நின்று ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். உங்கள் வளவின் வெப்ப வரைபடத்தைப் பனியே இலவசமாக வரைந்து தருகிறது. எங்கள் வீட்டில் தெற்குப் பார்த்த செங்கல் சுவரடியில்தான் முதலில் மண் தெரியும். சுவர் பகலில் சூட்டை வாங்கி இரவில் விடுகிறது. அந்த இடத்தை நான் கத்தரிக்கும் பச்சை மிளகாய்க்கும் ஒதுக்கியிருக்கிறேன். வேலியின் நிழலில், அயல்வீட்டுக் கராஜ் ஓரமாகப் பனி கடைசிவரை கிடக்கும். அங்கே புதினா, பசளி (கொடிப்பசளி அல்ல, ஸ்பினாச்), கொத்தமல்லி. வெயில் ஏறினால் பூத்துவிடுகிற கீரைகளுக்கு அந்தக் குளிர்ச்சி நல்லது. கரைந்த தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாளாகியும் குளமாக நிற்கிற இடத்தில் மிளகாய் வைத்தால் வேர் அழுகும். கூரைக் குழாய்த் தண்ணீர் பாத்திக்குள் பாய்கிறதென்றால் குழாய் வாயை இப்போதே திருப்பிவிடுங்கள்.

ஒரு பாத்தியை மட்டும் முந்திக்கொண்டு தயாராக்க விரும்பினால், பலகை அடித்து உயர்த்திய பாத்தியைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் சுலபமாக வடிவதால் அந்த மண் நிலத்து மண்ணைவிட முதலில் சூடேறும். அதன் மேலுள்ள பனியில் கறுப்பான கூட்டெருவை ஒரு பிடி, இரண்டு பிடி மெல்லியதாகத் தூவுங்கள். வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், கறுப்பு உறிஞ்சிக்கொள்ளும். அந்த இடம் சீக்கிரம் கரையும். அடுப்புச் சாம்பலும் அதே வேலையைச் செய்யும்தான், ஆனால் சாம்பல் காரத்தன்மையைக் கூட்டும். எனக்குக் கூட்டெருதான் சரி. பனி போனபின் பிளாஸ்ரிக் விரிப்பு ஒன்றைப் போட்டு ஓரங்களில் கல் வையுங்கள். தெளிந்த பிளாஸ்ரிக் மண்ணை அதிகம் சூடாக்கும், ஆனால் களையும் முளைக்கும். கறுப்பு விரிப்புச் சூட்டைக் கொஞ்சம் குறைவாகத் தந்தாலும் களையை அடக்கும்.

எப்போது மண்ணைக் கொத்தலாம்? கலண்டரைப் பார்க்கவேண்டாம், கையால் பாருங்கள். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கி உருண்டை பிடியுங்கள். பெருவிரலால் குத்தும்போது உதிர்ந்தால் சரி, தொடங்கலாம். உருண்டை அப்படியே பிதுங்கினால், விரலில் பூசிக்கொண்டால், இன்னும் ஒரு கிழமை விடுங்கள். ஈரக் களிமண்ணை மிதித்தாலோ கொத்தினாலோ அதிலுள்ள காற்றிடைவெளிகள் நசிந்துபோகும். காய்ந்தபின் அது செங்கல் மாதிரி இறுகிவிடும். அந்தக் கோடை முழுக்க வேர் அதற்குள் இறங்கப் பாடுபடும். கட்டாயம் பாத்திக்குள் போகவேண்டும் என்றால் பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நில்லுங்கள்.

இன்னொரு எளிய கருவி, சமையலறையில் இறைச்சிக்குள் குத்திப் பார்க்கிற வெப்பமானி. காலையில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் குத்திப் பாருங்கள். தொடர்ந்து சில நாட்கள் 5 டிகிரியைத் தாண்டினால் பசளி, பட்டாணி, முள்ளங்கி, லெட்டஸ் போடலாம். வெந்தயக்கீரைக்கும் கொத்தமல்லிக்கும் நான் 10 டிகிரி வரை பொறுப்பேன். பயிற்றைக்கும் வெண்டிக்கும் 18, 20 டிகிரி வேண்டும். குளிர்ந்த ஈரமண்ணில் அந்த விதைகள் முளைக்காமல் அழுகும். என் அம்மா யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் செய்த குடும்பத்தில் வளர்ந்தவர். நான் ஏப்ரலில் வெண்டி விதையைக் கையில் எடுத்தாலே, "மண் சூடு காணட்டும் பிள்ளை, விதை எங்கே ஓடப்போகுது?" என்பார். இந்த நாட்டு மண்ணுக்கும் அவருடைய கணக்குச் சரியாகவே இருக்கிறது.

வெளியே பனி கிடக்கும்போது வீட்டுக்குள் நாற்று. இங்கே கணக்கை விக்ரோரியா டேயிலிருந்து பின்னோக்கிப் போடவேண்டும். மே 25 க்கு முந்தைய திங்கட்கிழமை வரும் விடுமுறை நாள் அது. ரொறன்ரோவில் அந்த நேரத்தில் உறைபனி அநேகமாக முடிந்திருக்கும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் எட்டு முதல் பத்து வாரம் வேண்டும், ஆகவே மார்ச் நடுப்பகுதியில் விதையுங்கள். தக்காளிக்கு ஆறு முதல் எட்டு வாரம் போதும். பாகல், புடோல், சுரை மூன்றுக்கும் நாலு, ஐந்து வாரம்தான். பெப்ரவரியிலேயே பாகலை முளைக்க வைப்பவர்களைப் பார்க்கிறேன். ஏப்ரலில் அது யன்னல் திரையைச் சுற்றிக்கொண்டு நிற்கும், வேரோ சின்னக் கோப்பைக்குள் சுருண்டு கிடக்கும். ஏப்ரல் மூன்றாம் வாரம் நல்ல காலம். பாகல் விதையின் தோல் கெட்டி. நகவெட்டியால் ஓரத்தை லேசாக நறுக்கி, இரவு முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு, ஈரக் கடதாசித் துவாயில் சுற்றிச் சூடான இடத்தில் வையுங்கள். வேர் எட்டிப் பார்த்ததும் கடதாசிக் கோப்பையில் நட்டால், பிறகு கோப்பையைக் கிழித்துவிட்டு வேர் கலையாமல் மண்ணில் இறக்கலாம்.

மிளகாய் முளைக்க 25 முதல் 30 டிகிரி சூடு வேண்டும். நாற்றுத் தட்டுக்குக் கீழே வைக்கும் சூட்டு விரிப்பு வாங்கினால் அது பல வருடம் உழைக்கும். முளைத்தபின் சூட்டைவிட வெளிச்சம்தான் முக்கியம். மார்ச் மாதத்து யன்னல் வெளிச்சம் போதாது. நாற்று ஒல்லியாக நீண்டு சரிந்துவிடும். எல்ஈடி விளக்கை நாற்றின் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கவிட்டு, தினமும் 14 முதல் 16 மணித்தியாலம் எரியவிடுங்கள். தண்ணீரை மேலே ஊற்றாமல் தட்டில் விடுங்கள். சின்ன மின்விசிறி ஒன்று மெதுவாகச் சுற்றட்டும். தண்டு அடியில் அழுகி விழுகிற நோய் அப்போது குறையும், தண்டும் தடிக்கும்.

குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் நின்ற கறிவேப்பிலையையும் இந்தக் கிழமைகளில் கவனியுங்கள். இலையின் அடியில் சிலந்திப்பேனும், தண்டில் செதில் பூச்சியும் இருக்கும். சட்டியோடு ஷவருக்குள் வைத்து இலையடியைக் கழுவுங்கள், செதிலை ஈரத்துணியால் துடையுங்கள். புதுத்தளிர் வந்தபின் பசளை தொடங்கலாம். ஏப்ரல் வெயிலைப் பார்த்து வெளியே தூக்கிவைக்காதீர்கள். இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போகாது என்று உறுதியானபின்தான் வெளியே வரலாம். அதுவும் முதலில் நிழலில்.

பனி போனபின் சின்னச் சின்ன வேலைகள். பழமரத்தின் அடித்தண்டைப் பாருங்கள், பனிக்கடியில் எலியும் மேலே முயலும் பட்டையைக் கடித்திருக்கலாம். புல்லில் சாம்பல் நிற வட்டங்கள் தெரிந்தால் அது பனிப்பூஞ்சணம். காய்ந்தபின் லேசாக வாரிவிட்டால் பெரும்பாலும் தானே தேறும். போன வருடத்துக் காய்ந்த தண்டுகளுக்குள் காட்டுத்தேனீக்கள் தூங்கும். அவற்றை உடனே வெட்டவேண்டாம், நாட்கள் நிலையாகச் சூடாகட்டும். வெளிக்குழாயைத் திறக்கவும் அவசரமில்லை.

மே மாதம் நாற்றுகளை வெளியே பழக்குங்கள். முதல் நாள் ஒரு மணித்தியாலம் நிழலில், பிறகு நாளுக்கு நாள் கூட்டி, ஒரு வாரம், பத்து நாளில் முழு வெயிலுக்கு. நேரே வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். நட்டபின் இரவு வெப்பநிலை 2, 3 டிகிரிக்கு இறங்கும் என்று தெரிந்தால் பழைய படுக்கை விரிப்பால் நிலம் தொட மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். தக்காளியை விக்ரோரியா டேக்கு நட்டாலும் கத்தரியையும் பாகலையும் நான் ஜூன் முதல் வாரம் வரை நிறுத்தி வைப்பேன். குளிர் பட்ட கத்தரி சாகாமல் நின்றாலும், வாரக்கணக்கில் வளராது. வெண்டியை ஜூனில் நேரே மண்ணில் போடுங்கள். கொடிகளுக்குப் பந்தலை மட்டும் நடுவதற்கு முன்பே கட்டி முடியுங்கள். வேர் ஓடியபின் தூண் நட்டால் வேர் அறுந்துபோகும்.