48 நிமிடக் கணக்கு: பஸ்ஸர்பீட்டரில் வீரர்களைப் பயிற்றுவிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளித் திடலிலோ கோலாலம்பூர் மாபா அரங்கிலோ கூடைப்பந்து பார்த்துப் பழகியவர்களுக்கு ஓர் ஆட்டம் என்றால் 40 நிமிடம், 10 நிமிடம் வீதம் நான்கு பகுதி. பஸ்ஸர்பீட்டர், அதாவது நாமே மேலாளராக ஒரு கூடைப்பந்து அணியை நடத்தும் இணைய விளையாட்டு, அமெரிக்க (என்.பி.ஏ.) கணக்கில் ஓடுகிறது: 12 நிமிடம் வீதம் நான்கு பகுதி, மொத்தம் 48. இந்த எட்டு நிமிட வித்தியாசம் சின்ன விஷயமல்ல. பயிற்சியின் முழுப் பலன் ஒரு வீரனுக்குக் கிடைக்க வேண்டுமென்றால், அவன் அந்த வாரத்தில், நீங்கள் பயிற்சிக்குத் தேர்ந்த பொசிஷனில் (களத்தில் ஆடும் இடத்தில்) 48 நிமிடம் ஆடியிருக்க வேண்டும். 40 நிமிடம் ஆடினான் என்றால் 40 நிமிடத்துக்கான பலன்தான். மிச்சம் போனது போனதுதான். அடுத்த வாரம் கூடுதலாக ஆடவைத்து ஈடுகட்ட முடியாது.

புதிதாக அணி எடுத்தவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பயிற்சி வெள்ளிக்கிழமை நடக்கிறது. அதற்குள் வாரத்துக்கு மூன்று ஆட்டம்: லீக்கில் இரண்டு, கோப்பை அல்லது நட்பு ஆட்டம் ஒன்று. ஒரு பொசிஷனுக்கு வாரத்தில் கிடைப்பது மூன்று 48, அதாவது 144 நிமிடம். ஆகவே பாயிண்ட் கார்டு (பந்தை நகர்த்தி ஆட்டத்தை நடத்துபவர்) ஒரு பொசிஷனுக்கு மட்டும் பயிற்சி வைத்தால் மூன்று பேர் முழுப் பலன் பெறலாம். பாயிண்ட் கார்டு, ஷூட்டிங் கார்டு (தூரத்திலிருந்து எறிபவர்) இரண்டுக்கும் சேர்த்து வைத்தால் ஆறு பேர். ஆனால் இரண்டு பொசிஷன் பயிற்சியில் ஒவ்வொருவருக்கும் திறன் ஏறும் வேகம் குறையும். கையில் தேறக்கூடிய பையன்கள் இரண்டே பேர் இருக்கும்போது இரண்டு பொசிஷன் பயிற்சி வைப்பது வீண். தேறும் இருவரின் வேகத்தைக் குறைத்து, தேறாத நால்வருக்குப் பங்கு போடுகிறீர்கள்.

மூன்று பேருக்கு ஆளுக்கொரு ஆட்டம் என்று பிரித்துக் கொடுப்பது காகிதத்தில் சரியாக இருக்கும். இரண்டாவது ஆட்டத்தில் ஒருவன் ஃபவுல் மிகுந்து 41-ஆம் நிமிடத்தில் வெளியேறினால்? அந்த ஏழு நிமிடத்தை மூன்றாவது ஆட்டத்தில்தான் எடுக்க வேண்டும். அங்கே இன்னொருவன் காத்திருக்கிறான். இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டால் ஆளுக்கு 72 நிமிடம் வரும். ஃபவுல், காயம் எதுவந்தாலும் தாங்கும். முதல் பருவம் இரண்டு பேரோடு தொடங்குவதே நல்லது. நிமிடங்களைக் கையாளப் பழகிய பிறகு மூன்றாமவனைச் சேர்க்கலாம்.

வரிசைப் பட்டியலில் ஒரு பொசிஷனுக்குத் தொடக்க வீரர், மாற்று வீரர், அதற்கும் அடுத்தவர் என்று மூன்று இடம் இருக்கிறது. முழு ஆட்டமும் ஒருவனே ஆட வேண்டுமென்றால் மூன்று இடத்திலும் அவன் பெயரையே போடுங்கள். மாற்று வீரர் இடத்தில் வேறொருவனைப் போட்டுவிட்டு, 'பயிற்சி ஏன் குறைவாக வந்தது?' என்று கேட்பவர்கள் நிறைய. அதேபோல, 30 நிமிடம் பாயிண்ட் கார்டாகவும் 18 நிமிடம் ஷூட்டிங் கார்டாகவும் ஆடினால் கூட்டல் 48 வரும். ஆனால் பாயிண்ட் கார்டு மட்டும் பயிற்சியில் இருந்தால் கணக்கில் ஏறுவது 30 மட்டுமே.

அந்த 18 நிமிடம் வேறு ஒன்றுக்கு உதவும். வீரனின் கேம் ஷேப், அதாவது ஆட்டத்துக்கு அவன் எவ்வளவு தயாராக இருக்கிறான் என்பது, வாரத்தில் எந்த பொசிஷனில் ஆடினாலும் சேரும் மொத்த நிமிடத்தைப் பொறுத்தது. மிகக் குறைந்தாலும் கெடும், மிக அதிகமானாலும் கெடும். 48-ஐத் தாண்டி, 75-க்குள் நிற்பது பாதுகாப்பு. பயிற்சிக்கு 48 நிமிடம் எடுத்தவனுக்கு வேறு பொசிஷனில் இன்னும் 15 நிமிடம் கொடுத்தால் இரண்டும் கைகூடும். மூன்று ஆட்டமும் முழுதாக ஆடவைத்து 144 நிமிடம் ஓட்டுவதில் பயிற்சிக்குத் துளியும் கூடுதல் இல்லை. அவன் சோர்ந்து போவதுதான் மிச்சம்.

நிமிடம் சரியாக வந்தும் திறன் ஏறவில்லை என்றால் உயரத்தைப் பாருங்கள். வயது ஏறும், சம்பளம் ஏறும், உயரம் மட்டும் மாறாது. குட்டையானவனுக்கு ஹேண்ட்லிங் (பந்தைக் கையாளுதல்), பாசிங், அவுட்சைட் டிஃபென்ஸ் போன்ற வெளித்திறன்கள் விரைவில் ஏறும். நெட்டையானவனுக்கு ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடித்தல்), இன்சைட் டிஃபென்ஸ், ஷாட் பிளாக்கிங் போன்ற உள்திறன்கள், அதாவது கூடைக்கு அருகே வேண்டியவை. 213 செ.மீ. பையனை வாங்கிவந்து முழுநேர கார்டாக ஆக்க நினைப்பதும், 183 செ.மீ. பையனை சென்டராக (கூடைக்கு அருகே ஆடும் நெட்டையானவராக) ஆக்க நினைப்பதும் காலத்தைக் கொல்லும்.

அதற்காக நெட்டையானவனுக்கு வெளித்திறன் வேண்டாம் என்று பொருளல்ல. இங்கேதான் வரிசை முக்கியம். இளம் வயதில்தான் பயிற்சி வேகமாக ஏறும். வயது கூடக் கூட ஒவ்வொரு வாரத்தின் பலனும் குறையும். ஆகவே அவனுக்கு எது மெதுவாக ஏறுமோ அதை 18, 19 வயதிலேயே முடித்துவிட வேண்டும். வருங்கால சென்டருக்கு ஹேண்ட்லிங், பாசிங் முதலில். ரீபவுண்டும் இன்சைட் டிஃபென்ஸும் பிறகு வைத்தாலும் ஏறிவிடும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். விரைவில் ஏறுவதை முதலில் ஏற்றி, எண்களைப் பார்த்து மகிழ்ந்து, 22 வயதில் பாசிங்கைத் தொடும்போது அது அசைய மறுக்கிறது.

இதில் சம்பளமும் மாட்டிக்கொள்கிறது. சம்பளம் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு முறை திறனைக் கொண்டு புதிதாகக் கணக்கிடப்படுகிறது. உள்திறன்களை மட்டும் குவித்த சென்டருக்குச் சம்பளம் எகிறும்; உங்கள் வாரச் செலவைத் தின்பான், விற்கப் போனாலும் அந்தச் சம்பளத்துக்கு அஞ்சி வாங்குவோர் குறைவு. வெளித்திறனை முன்பே கட்டியவன் அதே சம்பளத்தில் களத்தில் அதிகம் செய்வான்.

பொட்டென்ஷியல் என்ற உச்சவரம்பும் இப்படித்தான். வீரன் பக்கத்தில், கீழிருந்து மேலாக, 'ரோல் பிளேயர்', 'சூப்பர் ஸ்டார்', 'ஹால் ஆஃப் ஃபேமர்' என்று ஏதோ ஒன்று எழுதியிருக்கும். அந்த அளவை நெருங்கியதும் பயிற்சி ஆமை வேகமாகிவிடும். குறைந்த பொட்டென்ஷியல் உள்ள 18 வயதுப் பையனின் இன்றைய எண்கள் கவர்ச்சியாக இருக்கும், ஏனென்றால் அவன் வரம்பில் பாதியை ஏற்கனவே ஏறிவிட்டான். ஒரு பருவம் 14 வாரம். 18 வயது முதல் 21 முடிய நான்கு பருவம், அதாவது 56 பயிற்சி வாரங்கள். இத்தனையையும் ஒருவன் மேல் இறக்குமுன் அந்த ஒரு சொல்லைப் பாருங்கள்.

இரண்டு வாரம் எண் ஏறவில்லை என்று பதறி வேறு திறனுக்குத் தாவுவது இன்னொரு பழக்கம். திரையில் தெரிவது முழு எண் மட்டும். 7-க்கும் 8-க்கும் நடுவில் ஏறும் பின்னம் நம் கண்ணில் படாது; ஆனால் அது சேர்ந்துகொண்டே இருக்கிறது, திறனை மாற்றினாலும் அழியாது. தாவுவதில் இழப்பு வேறு இடத்தில்: உங்கள் திட்டம் சிதறுகிறது, யாரை எந்த பொசிஷனில் ஆடவைக்க வேண்டும் என்ற வாரக் கணக்கு குழம்புகிறது. இன்னொன்றும் உண்டு. தொடர்புடைய திறன்கள் மிகப் பின்தங்கியிருந்தால் ஒன்று மட்டும் உயரே போகும்போது இழுபடும் என்பது பழகிய மேலாளர்களின் கணக்கு. ஹேண்ட்லிங் 4-இல் கிடக்க, டிரைவிங்கை (பந்தோடு கூடையை நோக்கிப் பாய்வதை) மட்டும் 12-க்குத் தள்ளாதீர்கள்.

பயிற்சியாளர் விஷயத்தில் சுருக்கமாக: ஏழாம் நிலைப் பயிற்சியாளருக்கு ஆசைப்பட்டுக் கஜானாவைக் காலி செய்ய வேண்டாம். நடுத்தர நிலையில் ஒருவரை எடுத்து, மிஞ்சும் பணத்தில் நல்ல 18 வயதுப் பையனை வாங்குவது பெரும்பாலான சிறிய அணிகளுக்குப் பொருந்தும்.

ஹேண்ட்லிங், பாசிங் பயிற்சிக்காக நெட்டையானவனைப் பாயிண்ட் கார்டாக ஆடவைத்தால் அணி தோற்கும் என்ற பயம் நியாயமானது. அதற்குத்தான் நட்பு ஆட்டம். கோப்பையிலிருந்து வெளியேறிய பிறகு அதை நீங்களேதான் வேறொரு மேலாளரிடம் கேட்டு ஏற்பாடு செய்ய வேண்டும். மறந்தால் அந்த வாரம் 48 நிமிடம் காணாமல் போகும். பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறவர்களும், தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களும் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள். வரும் ஆட்டங்களுக்கு வரிசைப் பட்டியலை முன்கூட்டியே போட்டு வைக்கலாம். நட்பு ஆட்டத்தை உறுதிசெய்து, மூன்று பட்டியலையும் சேமித்துவிட்டுக் கிளம்புங்கள். மூன்றாவது ஆட்டம் தொடங்குமுன் மட்டும் ஒருமுறை கைப்பேசியில் திறந்து, முதல் இரண்டு ஆட்டங்களில் யாருக்கு எத்தனை நிமிடம் குறைந்தது என்று பார்த்து, அவன் பெயரை மேலே ஏற்றிவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.