கூடலூர் சரிவில் மண்ணை வெட்டாமல் தூண்மேல் வீடு கட்டுவது எப்படி?

நீலகிரி மாவட்டத்தில் கூடலூர், பந்தலூர் பக்கம் வீட்டு வேலைகளுக்கு மேற்பார்வை பார்ப்பவன் நான். வெளியூரிலிருந்து நிலம் வாங்க வருபவர்கள் பாதிப் பேர் கேட்பது இதுதான்: தரையை விட்டு உயரமா, மரங்களுக்கு நடுவே ஒரு வீடு. கட்டலாம். ஆனால் பிளான் போடுவதற்கு முன் பத்திரத்தைப் பாருங்கள். 1969ஆம் ஆண்டு ஜென்ம நில (பரம்பரை நிலக்கிழார் நில) ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல் வரும் நிலம் என்றால் வேண்டவே வேண்டாம். விலை குறைவாகத்தான் சொல்வார்கள். உரிமை தீராத நிலம் அது. பட்டா சுத்தமாக இருந்தாலும், நீலகிரியில் கட்டடம் 7 மீட்டர் உயரத்துக்குள் நிற்க வேண்டும். தூணையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அப்படிப் பார்த்தால் ஒரே தளம்தான் வரும், அது போதும்.

இடம் பார்க்க மார்ச்சில் வராதீர்கள். ஜூலை மழையில் வாருங்கள். அட்டை கடிக்கத்தான் செய்யும், பரவாயில்லை. தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்து, அந்த வழி நெடுக முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். அந்தக் கோட்டில் ஒரு தூணும் வரக் கூடாது. ஓடைக்குப் பக்கத்தில் வீடே கூடாது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மண்ணும் பாறையும் ஆற்று வழியாகத்தான் இறங்கின.

தூண் எதற்கு என்றால், அழகுக்கு இல்லை. ஜேசிபி விட்டுச் சரிவைச் சமப்படுத்தும்போது மேல்பக்க மண் பிடிமானம் இழக்கிறது. வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டினால் அது எத்தனை வருஷமானாலும் பழைய மண்ணைப் போல இறுகாது. பாதி வீடு கெட்டி மண்ணிலும் பாதி வீடு கொட்டிய மண்ணிலும் உட்கார்ந்தால் சுவர் விரியாமல் என்ன செய்யும்? தூண் போட்டால் தூணுக்கு ஒரு குழி, அவ்வளவுதான். அதையும் கடப்பாரை, மண்வெட்டியால் ஆள் வைத்துத் தோண்டுங்கள். ஆழம் எவ்வளவு என்பதை மண்ணைச் சோதித்த இன்ஜினியர் சொல்லட்டும்.

இரும்புத் தூணை மண்ணுக்குள் புதைக்க வேண்டாம். கான்கிரீட் பீடத்தைத் தரைக்கு மேல் ஓர் அடி எழுப்பி, அதன்மேல் பிளேட் வைத்து போல்ட் போடுங்கள். கீழ்ச்சரிவுத் தூண்கள்தான் நீளமாக இருக்கும், ஆடுவதும் அவைதான். அவற்றுக்கிடையே குறுக்குக் கம்பி கட்டாயம். தூணுக்குத் தூண் 10 அடி வைத்தால் உத்திரம் ரொம்பக் கனக்காது.

தளத்துக்கு அடியில், தாழ்வான பக்கத்திலும் 3 அடியாவது விடுங்கள். டார்ச்சோடு ஓர் ஆள் தவழ்ந்து போக வேண்டும். கரையான் காற்றில் பறந்து வந்து உத்திரத்தைத் தின்பதைவிட, தூண்மேல் மண்குழாய் கட்டி ஏறுவதுதான் அதிகம். தூணுக்கும் மர உத்திரத்துக்கும் நடுவில், ஓரங்களைக் கீழ்நோக்கி மடித்த ஒரு தகரத் தொப்பி வையுங்கள். அது கரையானைக் கொல்லாது. தகரத்தைச் சுற்றிக் குழாய் கட்ட வைக்கும், உங்கள் கண்ணில் படும். அடியில் காற்று ஓடினால் ஆகஸ்டில் செருப்பும் புத்தகமும் பூஞ்சை பிடிப்பதும் குறையும். விறகு அடுக்க நல்ல இடம் என்று வீட்டில் சொல்வார்கள். விடாதீர்கள்.

கூரைக்கு 30 டிகிரி சரிவு, இறவாரம் 3 அடிக்குக் குறையாமல். வெறும் ஓடு போட்டால் குரங்கு பிரித்துவிடும். வெறும் தகடு போட்டால் மழைச் சத்தத்தில் பேச முடியாது. தகடு போட்டு அதன்மேல் ஓடு, செலவு கூடத்தான். மழைநீர்த் தொட்டி கட்டாதவர்களுக்கு இறவாரத்தில் தகர வாய்க்காலும் வேண்டாம் என்பேன், சருகு அடைத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் விழும் கோட்டில் 2 அடி அகலத்துக்குக் கூழாங்கல் நிரப்புங்கள்.

காட்டோடு சேர வேண்டும் என்று பச்சை பெயிண்ட் கேட்பார்கள். எந்தப் பச்சை அடித்தாலும் பக்கத்து இலையோடு ஒட்டாது. மரப்பட்டையும் நிழலும் இருக்கும் நிறம்தான் மறையும்: மங்கிய பழுப்பு, கருஞ்சாம்பல், பளபளப்பு இல்லாமல். இலங்கையில் தம்புள்ளைப் பக்கம் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கண்டலம ஹோட்டல் படத்தைப் பாருங்கள். அத்தனை பெரிய கட்டடத்தைக் கொடி மூடிக்கிடக்கிறது. கொடியைத் தனிச் சட்டத்தில் ஏற்றுங்கள், சுவரில் வேண்டாம். தளத்தை ஊடுருவி மரம் போனால் சுற்றிலும் ஒரு கை இடைவெளி வேண்டும், காற்றில் மரம் அசையும். சில்வர் ஓக் அடியில் மட்டும் வீடு வைக்காதீர்கள். கிளை சொல்லாமல் முறியும்.

யானை விஷயம் தனி. உயரத் தூண் யானையைத் தடுக்காது. வழித்தடம் என்று அக்கம்பக்கத்தார் சொன்னால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மற்ற இடங்களிலும் அரிசியையும் உப்பையும் வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், வாழை நட வேண்டாம். பலா ஏற்கெனவே நின்றால் வெட்ட வேண்டியதில்லை, பிஞ்சிலேயே பறித்துக் கறி வைத்துவிடுங்கள்.