பாயச வாசம் வராத ஆரஞ்சு கேக்

போடிநாயக்கனூரில் பிறந்தவளுக்கு ஏலக்காயை அளந்து போடத் தெரியாது. அப்பா ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதியவர். வீட்டில் மிளகாய்க்குப் பஞ்சம் வந்தாலும் ஏலத்துக்கு வராது. முதல் ஆரஞ்சு கேக்கில் பதினைந்து காய்களைத் தட்டிப் போட்டேன். ஒரு வாய் தின்ற மகன், “பாயசத்தை எதற்கம்மா ஓவனில் வைத்தாய்?” என்றான். அன்றிலிருந்து நான்கு காய்தான். வாய் பிளக்காத பச்சைக் காயாக எடுங்கள். உள்ளே ஏலரிசி கறுத்து, விரலில் ஒட்ட வேண்டும். தோலை நீக்கி, ஒரு சிட்டிகை சர்க்கரையோடு நன்றாகப் பொடியுங்கள்.

பழத்துக்கு வருவோம். ஆரஞ்சின் மணம் தோலில் உள்ள எண்ணெயில் இருக்கிறது. சாறு புளிப்பையும் இனிப்பையும்தான் தரும். எனவே பிழிவதற்கு முன்பே துருவிவிடுங்கள். தாண்டிக்குடிப் பக்கத்து மலை ஆரஞ்சுக்குத் தோல் தொளதொளவென்று இருப்பதால் துருவியில் வழுக்கும். ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் இறுகிக்கொள்ளும். கடையில் பளபளக்கும் பழம் என்றால் மெழுகு பூசியிருக்கலாம். வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். துருவும்போது நிறம் போய் வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், அந்த வெள்ளை கசக்கும்.

6 அங்குல டின் இரண்டுக்கு: மைதா 180 கிராம், சர்க்கரை 170, உப்பில்லாத வெண்ணெய் 120, முட்டை மூன்று, கெட்டித் தயிர் 50, சாறு 60 மில்லி, இரண்டு பழத்தின் துருவல், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, கால் தேக்கரண்டி உப்பு. முட்டையும் தயிரும் சில்லென்று இருந்தால் கலவை திரிந்துபோகும். முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள்.

சர்க்கரையில் துருவலைப் போட்டு, ஈர மணல் போல ஆகும்வரை விரல்களால் கசக்குங்கள். இதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். சமையலறை முழுக்க மணக்கும்போது சரியான பதம். வெண்ணெய் சேர்த்து வெளுக்கும்வரை அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, ஏலப்பொடி நான்கையும் சலித்து, தயிரும் சாறும் மாறி மாறி வர, மெதுவாகக் கலந்தால் போதும். எண்ணெய் தடவி பட்டர் பேப்பர் போட்ட டின்களில் எடைபோட்டுச் சமமாக ஊற்றி, 170 டிகிரியில் அரை மணி நேரம். குச்சி சுத்தமாக வர வேண்டும். முழுக்க ஆறியபின் ஒவ்வொன்றையும் கிடைமட்டமாக இரண்டு அடுக்காக அறுங்கள். சூட்டோடு அறுத்து உதிர்த்த கதை என்னிடம் நிறைய உண்டு.

அடுக்குகளுக்கு நடுவே வைக்க: 150 மில்லி சாற்றைப் பாதியாகச் சுண்டவிட்டு ஆறவையுங்கள். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, மூன்று மஞ்சள் கரு, 50 கிராம் சர்க்கரை சேர்த்துச் சிறு தீயில் கிளறுங்கள். கொதிக்கவிட்டால் முட்டைப் பொரியல்தான். கரண்டியின் முதுகில் படிந்ததும் இறக்கி, 40 கிராம் வெண்ணெய் போட்டு வடிகட்டிக் குளிரவையுங்கள்.

கிரீமுக்கு 150 கிராம் வெண்ணெய், 200 கிராம் ஐசிங் சர்க்கரை. போடி வெயிலில் மதியம் இதை அடித்தால் குழம்பாகிவிடும், அதனால் நான் விடியற்காலையில் அடிப்பேன். ஒவ்வொரு அடுக்கின் ஓரத்திலும் கிரீமால் வரப்பு கட்டி, நடுவில் ஆரஞ்சுக் கலவையை நிரப்புங்கள். வரப்பு இல்லாவிட்டால் மேல் அடுக்கு வழுக்கிக்கொண்டு போகும். மீதிக் கிரீமை வெளியே மெல்லியதாகத் தடவி, ஒரு மணி நேரம் குளிரவைத்து, வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டுங்கள்.

மீந்த மூன்று வெள்ளைக் கருவும் மறுநாள் ஆம்லெட்டுக்கு. அதில் ஏலக்காய் போடுவதில்லை என்று மகனுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.